கல்லும் ஏடும் காலும்

எமது நகரின் கடற்கரை மணலிலே மாலை வேளைகளிற் சிறுவர் குட்டிக்கரணம் போடுவதைக் காணாதார் இலர். "கரணம் போடாதே, கழுத்து முறிஞ்சுபோகும்" என்று தாய்மார் அதட்டுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். அதட்டும் தாயும் அறியாள், அதட்டப்படும் பிள்ளையும் அறியான், தம் வாயில் வழங்கும் அச்சொல் ஆடல் நூலோர் பல நூற்றாண்டுகளாகப் போற்றிக் காத்த கலைச்சொல் என்பதனை.

மனித உடல் அசையும் வகையை ஆராய்தல் மேனாட்டார் கண்ட புதிய விஞ்ஞானம் என்றே எம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அவ்வாறு எண்ணுதற்குக் காரணமும் உண்டு. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மைபிரிட்ஜ் என்பார் ஓடும் குதிரையைப் பல புகைப்படக் கருவிகளாற் படம்பிடித்து, ஓட்டத்தின் ஒரு கணத்திலே நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுவதனை உலகுக்குக் காட்டினார். 1928ஆம் ஆண்டு ருடோல்ப் லாபான் என்னும் நடன ஆசிரியர், இசைக்கு ஸ்வரக்குறி இருப்பதுபோல அசைவுக்கும் குறியீடு வகுத்து வெளியிட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளுட் புகுந்தார். ஆண்கள் போர்முனைக்குச் சென்றமையாற் பாரமான வேலைகளைப் பெண்கள் செய்ய நேர்ந்த காலம் அது. தோள்வலிமையால் மட்டும் தூக்காது, உடலின் ஊசலாட்டத்தைத் துணைக்கொண்டு தூக்கும் முறையை அவர் ஆராய்ந்தார். எடை, காலம், இடம், ஓட்டம் என்னும் நான்கினைக் கொண்டு எந்த அசைவையும் விளக்கலாம் என்பது அவர் கொள்கை. இவையெல்லாம் பெரிய காரியங்களே; அவற்றைக் குறைத்துக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் இவ்வழியிலே எமது முன்னோர் எவ்வளவு தூரம் நடந்தனர், எவ்விடத்தில் நின்றுவிட்டனர் என்பதை அறியாமலிருப்பது எமக்கு அழகன்று.

பரத முனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் கிறித்து பிறப்பை ஒட்டிய சில நூற்றாண்டுகளுள் உருவானதென அறிஞர் கொள்வர். அந்நூல் உடலைப் பகுத்த விதம் ஓர் இலக்கண ஆசிரியன் மொழியைப் பகுக்கும் விதத்தை ஒத்தது. தலைக்கு 13 அசைவு, கண்ணுக்கு 36 பார்வை. மார்பு, விலா, இடை, தொடை, கணைக்கால், பாதம் என்பவற்றுக்கு ஐந்தைந்து தொழில். இவை எழுத்துக்கள் போன்றவை. கையின் நிலையும் காலின் நடையும் ஒருங்கிசைந்து தொழிற்படும்போது பிறப்பது கரணம். அது சொல் போன்றது. இத்தகைய கரணங்கள் 108. ஆறு முதல் ஒன்பது வரையான கரணங்கள் தொடர்ந்து வந்து அங்ககாரம் ஆகும். அது வாக்கியம் போன்றது. அங்ககாரங்கள் 32. எழுத்து, சொல், தொடர் என்று பயின்ற தமிழ் மாணவனுக்கு இம்முறை விளங்குவதில் இடர்ப்பாடு யாதும் இராது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையும் இதே பகுப்பு மனப்பான்மையைத் தமிழிற் காட்டுகின்றன. ஒற்றைக் கையாகிய பிண்டி 33 என்றும், இரட்டைக் கையாகிய பிணையல் 15 என்றும் உரையாசிரியர் எண்ணிக் கூறுகின்றார். எமது திருகோணமலை இந்துக் கல்லூரியோடு தொடர்புபூண்டு பணிசெய்த சுவாமி விபுலாநந்தர் இவ்வரங்கேற்று காதையிலே ஆழ்ந்து திளைத்தவர். லண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் 1926இல் மதங்க சூளாமணியை வெளியிட்டு நாடகத்தின் உறுப்புக்களை ஆராய்ந்தார்; 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். அளந்தும் எண்ணியும் பார்க்கும் விஞ்ஞான மனம் கலைக்குப் பகையன்று என்பதற்கு அவரினும் சிறந்த சான்று எமக்கு வேண்டியதில்லை.

இனி, நூலின் குறைபாட்டைச் சொல்லவேண்டும். 108 கரணங்களுள் முதலாவது தலபுஷ்பபுடம். மலர் ஏந்துவது போலக் குவித்த கைகள் இடப்பக்கத்தே நிற்கவேண்டும், பாதம் குதி உயர்ந்து முன்பகுதி நிலத்திற் படியவேண்டும், விலா வளையவேண்டும். நூல் கூறுவது ஏறக்குறைய இவ்வளவே. கைகள் எங்கிருந்து புறப்பட்டு இடப்பக்கம் வந்தன? வளைந்து வந்தனவா, நேரே வந்தனவா? உடலின் பாரம் எக்காலில் இருந்தது? எத்துணை விரைவு? ஆசிரியனிடம் பயின்ற மாணவனுக்கு இவற்றை எழுதிக்காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. நூல் நினைவுக்குறிப்பாக மட்டும் நின்றது. ஆசிரியரும் மாணவரும் அற்றுப்போன பின்னர் குறிப்பு மட்டும் எஞ்சியது. கி.பி. 1000 அளவிலே காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் உரை எழுதிப் பல இடங்களை விளக்கினார். அவ்வுரையும் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. மூலநூல் 1894இல் பம்பாயில் அச்சேறியது. 1926இல் பரோடாவிலிருந்து இராமகிருஷ்ண கவி உரையோடு வெளியிட்ட முதற் பாகத்திலேதான் கரணப் பகுதிக்குச் சிதம்பரச் சிற்பங்களின் படங்களும் சேர்க்கப்பட்டன.

ஏடு ஒரு சாட்சி. கல் மற்றொரு சாட்சி. தில்லையின் கோபுர வாயில்களிலே கரணச் சிற்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு மேலே நாட்டிய சாத்திரச் சுலோகமே பொறிக்கப்பட்டுள்ளது. சிற்பத்துக்குச் சிற்பியே பெயர்ப்பலகை எழுதிவைத்தாற் போன்ற இந்த ஏற்பாடு உலகில் அரிது. இவற்றை நூலோடு ஒப்பிட்டு நாயுடு, நாயுடு, பந்துலு என்னும் மூவர் 1936இல் தாண்டவ லட்சணம் என்ற ஆங்கில நூலை வெளியிட்டனர். திருவண்ணாமலை, விருத்தாசலம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில் ஆகிய இடங்களிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் முற்பட்டவை தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளவை. 1010இல் இராசராசன் நிறைவுசெய்த அக்கோயில் விமானத்தின் மேற்சுற்றிலே சிவபெருமானே நின்று கரணங்களை ஒழுங்குமுறையில் ஆடிக்காட்டுகின்றார். 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27க்கும் கற்கள் வைக்கப்பட்டு வெறுமையாக நிற்கின்றன. உளி ஏன் நின்றது என்று சொல்லுவார் இல்லை. அந்த வெற்றுக் கற்களும் எமது மனத்தைத் தொடுகின்றன.

கல்லிடத்தும் ஒரு குறை உண்டு, கல் அசையாது. ஆகவே கண்டவர் பலரும் கரணம் என்பது ஒரு நிற்கும் கோலம் என்றே கருதினர். நூல் "செய்" என்கின்றது. கல் "நில்" என்கின்றது. இந்த வழக்கிலே மூன்றாவது சாட்சியாக உடலை அழைத்தவர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆவார். 1943இற் பிறந்த இவர், திரைப்பட இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகள். கரணங்களை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். கரணம் ஓர் அசைவலகு என்பதும், சிற்பி அவ்வசைவின் ஒரு கணத்தையே கல்லில் நிறுத்தினான் என்பதும் அவர் கொண்ட முடிவு. ஒரே கரணத்தை ஒரு கோயிற் சிற்பி தொடக்கத்திலும், வேறொரு கோயிற் சிற்பி நடுவிலும், இன்னொருவன் முடிவிலும் பிடித்திருக்கலாம் அன்றோ? அச்சிற்பங்களை அடுத்தடுத்து வைத்து, நூலின் சொல்லைக் கையிற் கொண்டு, இடையிலுள்ள வழியைத் தம் உடலால் நடந்து பார்த்தார் அவர்.

லலாடதிலகம் என்னும் கரணத்தை எடுத்துக்கொள்வோம். கால்விரல் நெற்றியிலே பொட்டிடுவது போல உயரவேண்டும். கோலம் என்று கொண்டால் அது கயிற்றின்மேல் நடப்பவன் வித்தையாகிவிடும். அசைவு என்று கொண்டாலோ, வீசி எழுந்த கால் நெற்றியைத் தொட்டு உடனே இறங்கும். முன்னது தசையை வருத்தும். பின்னது மூட்டின் சுழற்சியால் இயல்பாக நிகழும். இந்திய நடனம் தசையின் திரட்சியை அன்றி, எலும்பையும் மூட்டையுமே அடிப்படையாகக் கொண்டது என்று கபிலா வாத்ஸ்யாயன் எடுத்துக்காட்டியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவருடைய பெருநூல் 1968இல் வெளிவந்தது. பத்மாவின் மீட்டுருவாக்கத்தை முழுவதும் ஏற்காதவரும் உளர். மரபாசிரியன் ஒருவன் இன்றிக் கல்லிலிருந்து ஆடலைப் பெறலாகுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் உடலை இறக்கிச் சோதிக்கும் வரை அக்கேள்வியைக் கேட்பதற்குக்கூட இடம் இருக்கவில்லை என்பதே எமது கருத்து.

வேறொரு செய்தியையும் இளைஞர்கள் அறிதல் நன்று. ஆடலின் நடைகளைக் கூறும் பகுதியிலே நாட்டிய சாத்திரம் வில்வீரனின் நிலைகளையும் சேர்த்தே கூறுகின்றது. ஆலீடம், பிரத்தியாலீடம் என்பன அம்பு எய்பவனின் கால்வைப்புகள். பயிற்சிக்கு முன் உடலில் எள்ளெண்ணெயோ வாற்கோதுமைக் கஞ்சியோ தேய்க்க வேண்டும் என்றும், நிலமே பயிற்சிக்குத் தாய் என்றும், நிலத்திலே உடலைப் பரப்பிப் பயில வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஆடல் பெண்களுக்கு, சிலம்பம் ஆண்களுக்கு என்று எமது பெரியோருட் சிலர் இன்றும் பிரித்துப் பேசுவர். நூல் அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே நிலத்திற் பயின்றவை.

இதுவரை கூறியன கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவை. எமது கரையின் கதை என்ன?

கோணமாமலையின் பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கீசர் இடித்தனர். அதன் கற்கள் இன்று பிறட்றிக் கோட்டை எனப்படும் கோட்டையின் மதில்களுக்குச் சென்றன. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. தில்லையிலும் தஞ்சையிலும் ஆராய்வார்க்குக் கிடைத்த கற்சுவர் எமக்கு வாய்க்கவில்லை. எமக்கு வாய்த்தது மண் களரி. கொட்டியாரக் குடாவின் கரைகளிலும், தெற்கே மட்டக்களப்பு நெடுகிலும், வட்டக்களரியிலே விடிய விடிய ஆடப்பட்ட கூத்தே எமது அசைவுச் சாத்திரம். அது ஏட்டில் பாதியும் காலிற் பாதியுமாக வாழ்ந்தது. அண்ணாவியார் சட்டங் கொடுப்பதிலிருந்து சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஓர் ஊரே பயிற்சிக்கூடமாகும். வரவுத் தாளக்கட்டைக் கேட்ட மாத்திரத்திலே வருபவன் அரசனா, தூதுவனா என்று கிழவிகளும் சொல்லிவிடுவர். வடமோடி அரசன் கரப்புடுப்பும் முடியும் தாங்கி ஆடவேண்டும். பாரம் அவன் அடியை ஒருவகையில் ஆளும். தென்மோடியான் இலேசாக உடுத்தவன். அவன் காலுக்கு வேறு சுதந்திரம்.

இக்கூத்தைப் படித்தவர் உலகம் பொருட்படுத்தாதிருந்த காலத்திலே, பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். 1962இல் கர்ணன் போரைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். அடுத்த சில ஆண்டுகளுள் இராவணேசன் வந்தது. எமது மலையிலே இராவணன் வெட்டைக் காட்டி வளர்க்கப்பட்ட எமக்கு அந்நாடகத்தின்மீது தனி அன்பு உண்டு. விடிய விடிய ஆடியது குறுகிய நேரத்துள் அடங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி ஒருபுறம் நோக்கிய படச்சட்ட மேடை ஆயிற்று. வட்டத்திலே சுற்றி ஆடிய அடிகளை ஒரு முகமாகத் திருப்பும்போது எந்த அடி நிற்கும், எந்த அடி சிதையும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. இதுவும் அசைவாராய்ச்சியே. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்ந்து பெருநூல் எழுதினார். ஆடிய கால் எழுதிய நூல் என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

நாமும் எமது அளவிலே ஒரு சிறு முயற்சி செய்து பிழைபட்டோம். அதனை மறைப்பது முறையன்று.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நிலவிய காலம். துறைமுக இறங்குதுறையில் மூதூர் லோஞ்சு ஏறி, தென்கரைக் கிராமம் ஒன்றில் இருந்த முதிய அண்ணாவியார் ஒருவரைக் காணச் சென்றோம். நாற்பது பக்கக் கொப்பியும் இரண்டு பேனாவும் கொண்டு அவர் எதிரே பாய்விரித்து இருந்தோம். "ஐயா, இந்தத் தாளக்கட்டுக்கு எத்தனை அடி? எந்தக் காலில் திரும்புவது?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார், விரலை மடக்கினார், குழம்பினார். பின்னர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இருந்துகொண்டு சொல்ல ஏலாது. இதைக் காலிட்டத்தான் கேக்கவேணும்" என்று எழுந்து நின்றார். எண்பதை நெருங்கிய அவ்வுடல், சொற்கட்டை வாயாற் சொன்ன மாத்திரத்தில் முற்றத்திலே வட்டமிட்டது. நாம் பாயில் இருந்தபடியே எழுதினோம். அவர் பலமுறை எம்மைப் பின்னால் வந்து ஆடும்படி கைகாட்டினார். நாமோ படித்தவர்கள், எழுதுவது பெரிது என்று நினைத்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழவரின் பின்னால் குதிக்க வெட்கமாகவும் இருந்தது.

2006இல் அப்பகுதி மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தனர். அண்ணாவியார் மட்டக்களப்புப் பக்கத்து முகாம் ஒன்றிலே காலமானார் எனக் கேள்விப்பட்டோம். அவர் வீட்டு ஏடுகளும் போயின. எம்மிடம் கொப்பி இருந்தது. அதனை ஒரு பொக்கிஷம் என்றே சில காலம் எண்ணியிருந்தோம்.

மக்கள் மீளக் குடியேறிய பின்னர் அக்கிராமத்துக்கு மீண்டும் சென்றோம். அவரிடம் இளமையிலே ஆடிய இருவர் அங்கு இருந்தனர். இருவருக்கும் அறுபது வயதுக்குக் குறையாது. கொப்பியை விரித்துத் தாளக்கட்டைப் படித்தோம். சொல் சரி என்றார்கள். "இடது காலில் திரும்பி" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் ஒருவர் தலையை அசைத்தார். மற்றவர், "இல்லை, இடதுதான்போல" என்றார். இருவரும் வாதிட்டார்கள். சொல்லிப் பயனில்லை என்று கண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்கள். வீட்டுக்கார அம்மா வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தாளம் தட்டினார். முதற் சுற்றில் இருவருக்கும் தடுக்கியது. இரண்டாம் சுற்றில் ஒருவர் பின் ஒருவராக நடந்து, திரும்பும் இடம் வந்ததும் இருவருடைய உடலும் ஒருசேர வலது குதியிலே சுழன்றன.

எமது பிழை எங்கே நேர்ந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. நாம் அண்ணாவியாரின் எதிரே இருந்தோம். எதிரே இருப்பவனுக்கு ஆடுபவனின் வலம் இடமாகத் தோன்றும். களரியிலே புதிதாகப் பழகுபவன் எதிரே நிற்பதில்லை. மூத்தவன் முதுகைப் பார்த்து அவன் அடியிலே தன் அடியை வைக்கின்றான். கண்ணாடிக்குள் விழுந்தது போல எமது கொப்பியில் நாற்பது பக்கமும் இடம் வலம் மாறிக் கிடந்தன. கைபேசியிலே படம்பிடித்திருந்தால் இப்பிழை நேராதே என்று அன்பர் ஒருவர் கூறினார். ஓரளவுக்கு உண்மை. இப்போது படமும் பிடிக்கின்றோம். ஆனால் பாரம் எக்காலில் இறங்கியது, மூச்சு எவ்விடத்தில் விடப்பட்டது என்பதைப் படம் சொல்வதில்லை.

அன்று மாலை லோஞ்சு புறப்பட ஒரு மணி நேரம் இருந்தது. நாமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவ்விருவர் பின்னால் வரிசையில் நின்றோம். எம்முடன் வந்த இளைஞர் நால்வருக்கு மூன்றாம் சுற்றிலேயே திருப்பம் வந்துவிட்டது. எமக்கு வரவில்லை, கால் மறுபடியும் மறுபடியும் இடப்பக்கமே சென்றது.